ஹவ் என்றால் சம்மதமா

எங்கள் பழைய டீசல் வண்டியில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். தினமும் காலையில் என் கணவர் அதை ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். செகந்திராபாத்தில் கிளம்பி பேகம்பேட் வழியாக அமீர்பேட் போவோம். அங்கே நான் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வெளியூரிலிருந்து வரும் பெண்கள் தங்கி, என் சாம்பாரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டு, வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். என் கணவர் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் இரும்புத் தகடு அடிபடும் சத்தத்தில் நின்றவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அதைச் சொன்னால் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். நான்தான் முணுமுணுக்கிறேனாம்.

இந்த ஊரில் தலைமுறைகளாக இருக்கும் எங்களைப் போன்ற தமிழர்கள் ஆமாம் என்பதற்கு ஹவ் என்போம், வேண்டாம் என்பதற்கு நக்கோ. தமிழ்நாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வரும் உறவுக்காரர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் என்பதால் என் கணவர் வாயில் ஹவ் குடியே இருந்தது. காபி போடவா, ஹவ். மாத்திரை போட்டாச்சா, ஹவ்.

கத்திப் பேசுவதில் ஒரு கஷ்டம் உண்டு. சிலிண்டர் வரவில்லை என்று கத்தலாம். அரிசி தீர்ந்துவிட்டது என்று கத்தலாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிக் கத்துவது? எதைக் கத்திச் சொன்னாலும் அது திட்டுவதைப் போலவே ஆகிவிடுகிறது. போகப் போக, கத்தக்கூடிய விஷயங்களை மட்டுமே அவரிடம் பேசினேன். மற்றதெல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது.

போன வருடம் ஹாஸ்டலில் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சமையல்கார அம்மா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பக்கத்துத் தெருவில் லிஃப்டும் ஏசியுமாக ஒரு புது ஹாஸ்டல் முளைத்தது. என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே அழுதது. ஒரு நாள் பேகம்பேட் மேம்பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, "பேசாம ஹாஸ்டல மூடிடலாமாங்க?" என்று கேட்டேன். அவர் சாலையைப் பார்த்தபடியே "ஹவ்" என்றார்.

அவ்வளவுதான். நான் கேட்டது சம்மதம் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்பார், சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். என் பாதி ஆயுள் அந்தக் கட்டிடத்தில் இருக்கிறது. அதைக் காய்கறிப் பையைப் போல இறக்கி வைத்துவிட்டாரே என்று மனசு விட்டுப்போனது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உகாதிக்குப் பிறகு காலி செய்துவிடுவோம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டிட ஓனரிடமும் வீம்புக்குச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஹாஸ்டலில் முன்பு தங்கியிருந்த ஒரு பெண் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாள். பெரிய வேலையில் இருக்கிறாள். அவள் வந்தது ஒரு சொகுசு எலெக்ட்ரிக் காரில். வாங்க ஆன்ட்டி, ஒரு ரவுண்டு போகலாம் என்று ஏற்றிக்கொண்டாள். மெட்ரோ ஸ்டேஷன் அடியில் ஆட்டோக்களும் பஸ்களும் ஹாரன் அடித்து உயிரை வாங்கும் இடம் அது. கதவைச் சாத்தியதும் எல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. அவள் சாதாரணமாகப் பேசினாள், நானும் சாதாரணமாகப் பேசினேன். இறங்கும்போது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான்: இந்த வண்டி எனக்கு வேண்டும்.

கொஞ்சம் ஆசை, நிறைய வீம்பு. ஹாஸ்டலைத்தான் விடப்போகிறேன், என் சம்பாத்தியத்தில் எனக்கென்று ஒன்றாவது வாங்கிக்கொள்கிறேனே என்று. போனில் படத்தைக் காட்டியதும் அவர் நக்கோ என்றார். நம்ம வண்டிக்கு என்ன குறைச்சல் என்று கேட்டார். பெங்களூரில் இருக்கும் மகள் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும், பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் விடுமா என்றாள். அசோசியேஷன் செக்ரட்டரி தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்றார். மேல் வீட்டம்மா, ரிட்டயர் ஆனவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று லிஃப்டில் கேட்டார். ஆளுக்கு ஆள் பேசப் பேச என் பிடிவாதம் ஏறிக்கொண்டே போனது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருவழியாக அவரை ஷோரூமுக்கு இழுத்துப் போனேன்.

அங்கே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. சேல்ஸ்மேன் நல்ல பையன், ஆனால் பூப்போல மெல்லப் பேசுகிறவன். அவன் ஹிந்தியில் எதையெதையோ விளக்க, என் கணவர் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டி ஹவ், ஹவ் என்றார். வேண்டாம் என்று வந்த மனிதர் இவ்வளவு சமர்த்தாகக் கேட்கிறாரே என்று எனக்கே ஆச்சரியம். நான் பாத்ரூம் போய்விட்டு வந்து பார்த்தால், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் டீசல் வண்டி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே யாரோ ஒருவன் ஓட்டுகிறான். என் கணவர், "ஏய், என் வண்டி" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு ஓடினார்.

சேல்ஸ்மேனுக்கு முகம் வெளிறிவிட்டது. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன் மேடம், ஹவ் என்றார். ஓட்டிப் பார்த்து மதிப்புப் போடலாமா என்றேன், ஹவ் என்று அவரேதான் சாவியைக் கொடுத்தார் என்றான். சாவியை எதற்குக் கேட்கிறான் என்றே தெரியாமல் கொடுத்திருக்கிறார். வண்டி திரும்பி வரும்வரை என் கணவர் யார் முகத்தையும் பார்க்காமல் வாசலில் நின்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியிலேயே அது நின்றும்போனது. அப்படியென்றால் மேம்பாலத்தில் சொன்னாரே, அந்த ஹவ்?

வந்ததற்கு ஓட்டியாவது பாருங்கள் என்று அவரை உள்ளே உட்கார வைத்தேன். சேல்ஸ்மேன் பின் சீட்டில் ஏறிக்கொண்டான். வண்டி நகர்ந்ததே தெரியவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும், வீட்டில் தலையணையில் தலை வைத்துப் பேசுகிற குரலில் கேட்டேன். "அன்னிக்கு ஹாஸ்டல மூடிடலாமான்னு கேட்டேன். ஹவ்னு சொல்லிட்டீங்களே."

"நானா? எப்போ?" என்றார். கேட்டுவிட்டது. "நக்கோ நக்கோ. கைக்கு, எதுக்கு மூடணும்? உனக்கு முடியலன்னா ஒரு ஆளப் போடு. மாடிக்கு நான் ஏறி எறங்கறேன். நானும் வீட்ல சும்மாதான குந்திக்கினு கீறேன், நீ எப்ப கூப்பிடுவியோன்னு."

கூப்பிட்டால்தான் வருவீர்களா, உங்களுக்காகத் தோன்றாதா என்று நான் ஆரம்பித்தேன். சமையற்கட்டுப் பக்கம் வந்தால் துரத்துகிறாயே என்று அவர் ஆரம்பித்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முழுசாக ஒரு சண்டை. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்கிற சண்டை. பின்னால் இருந்த அந்தப் பையன் கடைசியில், யூ டர்ன் தாண்டிவிட்டோம் சார் என்றான். எனக்குக் கண் நிறைய தண்ணீர், வாய் நிறைய சிரிப்பு. அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

வண்டியை வாங்கினோம். கட்டிட ஓனரிடம் போய் அசடு வழிந்து, காலி செய்யவில்லை என்றேன். கார் கம்பெனி எலெக்ட்ரிஷியன் எங்கள் மீட்டரிலிருந்தே தனி லைன் இழுத்துக் கொடுத்ததும் செக்ரட்டரி அடங்கினார். தொல்லை இல்லாமல் இல்லை. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினாலே என் கணவர் சார்ஜரைத் தேடுகிறார். எங்கள் தெரு நாய்களுக்கு இந்த வண்டி வருவதே தெரியவில்லை, நடுரோட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு எங்களை முறைக்கின்றன. இருந்தாலும் காலையும் மாலையும் எங்களுக்குப் பேச நேரம் கிடைத்தது. அவர் ஹாஸ்டல் ஆபீஸ் அறையில் உட்கார ஆரம்பித்தார். பெண்களுக்கு அங்கிள் என்றால் உயிர். எதைக் கேட்டாலும் ஹவ் என்கிறாரே.

சில நாட்களுக்கு முன்பு ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே நின்றாள். இன்டர்வியூவில் தேறவில்லையாம். ஊருக்கே திரும்பிப் போய்விடட்டுமா என்று அங்கிளிடம் அழுதுகொண்டே கேட்டாளாம். ஹவ் என்றாராம். நான் பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்து, சாப்பாடு போட்டு, இன்னும் இரண்டு மாதம் பார் என்று சொல்லி மேலே அனுப்பினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நடந்ததை அவரிடம் சொன்னேன். எங்கள் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

"அந்தப் பொண்ணு சொன்னது எனக்குக் கேக்கல" என்றார். "கேக்கலன்னா ஹவ்னு சொல்லிடறது. ரொம்ப நாளா அப்படித்தான்."

தெரியும் என்றேன்.

"வண்டில நல்லாப் பேசற. மேல வீட்டுக்குப் போனா பேச்ச நிறுத்திடற. தெனம் இங்கயே குந்திக்கினு இருக்க முடியுமா?" என்று ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒரு நல்ல காது டாக்டராப் பாரு. போலாம்."

எத்தனை வருடமாக நான் சொல்ல நினைத்து, கத்த மனசில்லாமல் விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தத்தை அடக்கிக்கொண்டுதான் அழுதேன். அவர் உடனே திரும்பி, ஏன் அழறே என்று கேட்டார்.