ஜோடிக்கல்லைத் தேடி, இரண்டாள் ஆழத்தில்

முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு கடலுக்கடியில் பாறை பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர், "உங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்று கேட்டிருந்தார். உருளை கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு முங்குவதுதான். அப்படி ஒரு தடவை நான் முங்கியது 1946 மாசியில், உடையார்பாளையம் பக்கத்து ஏரி ஒன்றில். கல்யாணமாகி மூன்றாம் மாதம், மனைவி பர்வதத்துடன் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன்.

திருச்சியில் காலை ஆறரைக்குப் பாசஞ்சர் ரயில். அரியலூருக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் பதினோரு அணா என்று நினைவு. ஒன்பது மணிக்கு இறங்கினோம். அங்கிருந்து உடையார்பாளையம் பதினேழு, பதினெட்டு மைல். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் தட்டுப்பாடு தீரவில்லை, ஆகவே கரி பஸ். பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். "ஏத்தம் வந்தா ஆம்பளைங்க எறங்கித் தள்ளணும் சார், இப்பவே சொல்லிட்டேன்" என்றார் கண்டக்டர். இரண்டு இடத்தில் தள்ளினோம். புது மாப்பிள்ளையின் பட்டுக்கரை வேட்டி முழுக்கக் கரி. பர்வதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். கடைசி மூன்று மைல் மாட்டு வண்டியில், ஒரு மணி நேரம்.

வீட்டில் எல்லோரும் என்னைத் தாங்கினார்கள், பர்வதத்தின் அண்ணன் சாமிநாதனைத் தவிர. என்னைவிட நான்கு வயது பெரியவர், விவசாயம். கல்யாணத்திலேயே என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கைக்கு நிலபுலன் உள்ள உள்ளூர் மாப்பிள்ளை வேண்டும் என்று நின்றவர் அவர். நானோ டவுனில் வாடகை வீட்டில் இருக்கும் குமாஸ்தா. மறுநாள் காலை அவரே வந்து, "மாப்புள்ளைக்கு நீச்சல் தெரியுமா?" என்றார்.

"காவிரியில நீந்தினவன் மச்சான்."

"காவிரி ஓடுற தண்ணி. இது ஒக்காந்திருக்கிற தண்ணி. வாங்க, பாப்போம்."

பழைய மதகைப் பார்க்கத்தான் அழைத்தார். இரும்புக் கதவு வைத்த புது மதகு வருவதற்கு முன், ஏரிக்குள்ளேயே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் உள்ள துளையை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டும்போது ஓர் ஆள் முங்கிப் போய்க் கட்டையைப் பிடுங்குவார். தூண்களின் தலை எப்போதோ உடைந்துவிட்டதால் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜோடிக்கல் என்று ஊரில் பெயர்.

பதினொரு மணிக்கு வாழைமரத் தெப்பத்தில் கிளம்பினோம். கரையிலிருந்து நூறு கஜம் போனதும் மச்சான் கையை நீட்டினார். "அந்த ஒத்தப் பனையும் ஐயனார் கோயில் வேம்பும் ஒண்ணு மேல ஒண்ணு வருதா? இந்தப் பக்கம் கரைப்பாறை புது மதகை மறைக்கணும். மறைச்சிருச்சா? இதுக்கு நேர் கீழதான்." கயிற்றில் கல்லைக் கட்டி நங்கூரமாகப் போட்டார்.

பாறாங்கல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டாள் ஆழம். முதலில் பச்சை வெளிச்சம், பிறகு காதுக்குள் குத்தல், பிறகு திடீரென்று முகத்துக்கு எதிரே தூண். பாசி வழுக்கியது. கிழக்குத் தூணில் மீன் ஒன்று செதுக்கியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். அங்கிருந்து கரையை நோக்கிக் கற்பலகைகள் மூடிய வாய்க்கால் போகிறது. ஏழு கை தூரத்தில் தலையில்லாத நந்தி. மூன்று முங்கில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்தேன். தெப்பத்தில் ஏற மச்சான் எனக்குக் கை கொடுத்தார்.

பிறகு அவர் இறங்கினார். நாற்பது எண்ணுவதற்குள் மேலே வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அறுபது எண்ணினேன். எழுபதில் குமிழிகள் கொத்தாக வந்து வெடித்தன. அப்புறம் எதுவும் வரவில்லை.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே சேறு கலங்கி, கண்ணைத் திறந்தும் பயனில்லை. கை ஒரு தூணில் பட்டது. தடவினேன், மீன் இல்லை. மேற்குத் தூண். பக்கத்துத் தூணுக்குத் தாவினேன், மீன் இருந்தது. வாய்க்கால் பலகையைத் தடவிக்கொண்டே ஒரு கை, இரண்டு கை என்று போனேன். ஐந்தாவதில் தோள். இரண்டு பலகைகளுக்கு நடுவே அவர் கால் கணுக்கால் வரை மாட்டியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது. விட்டுவிட்டு மேலே போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்; அதை இங்கே மறைக்கப் போவதில்லை. பாதத்தைக் கீழே அழுத்திப் பக்கவாட்டில் திருப்பினேன். தோல் உரிந்து கால் வந்துவிட்டது.

தெப்பத்தின் மேல் குப்புறக் கிடந்து தண்ணீராகக் கக்கினார். வெகு நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. "வூட்டுல சொல்லிடாதீங்க மாப்புள்ள. அம்மா தாங்காது." சரியென்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பர்வதம், "கால்ல என்னண்ணே ரத்தம்?" என்றாள். "கரையில வழுக்கிட்டாரு" என்று நான்தான் முந்திக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். மாமியார் எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். மச்சான் சோற்றில் கை வைக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று, "வழுக்கல்லாம் இல்லம்மா. ஜோடிக்கல்லுல மாட்டிக்கிட்டேன். இன்னைக்கி நான் போய்ச் சேந்திருப்பேன். இவருதான் இழுத்தாந்தாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொன்னவன் நான்தான், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் மச்சான்."

"சாப்பிடுங்க" என்றார். மாமியார் என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். பர்வதம் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதன்பின் எத்தனையோ மாசி மாதங்களில் அந்த ஏரிக்குப் போயிருக்கிறோம். இப்போது மச்சானும் இல்லை, பர்வதமும் இல்லை. கண்ணை மூடினால் அந்தப் பச்சை வெளிச்சம் மட்டும் அப்படியே வருகிறது.

போக நினைப்பவர்களுக்கு: மாசியில் போங்கள், மழைக்காலக் கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை வெயில் நேராக இறங்கும். பலகை மூடிய இடங்களில் காலை ஊன்றாதீர்கள். தனியாக முங்கவே முங்காதீர்கள். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு உங்களைப் பிடிக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. விடாமல் எண்ணிக்கொண்டிருந்தால் போதும்.