கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றார் அத்தை

லிங்கராஜபுரத்தில் என் மாமியாரோடு வசிக்கிறோம். அத்தைக்கு மறதி கூடிக்கொண்டே போனது. மறதி நோயின் ஆரம்ப நிலைதான், உடற்பயிற்சி செய்தால் முற்றுவதைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவதும்தான் பயிற்சி. தினம் ஒரு வேளை போதும் என்றார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை நேரம். காலையில் நான் பள்ளிக்குப் பாடம் எடுக்கக் கிளம்புமுன் அத்தையைச் செய்ய வைப்பேன். கால் சென்டரில் நைட் ஷிப்ட் முடித்து வரும் என் கணவர், "எக்சர்சைஸ் பண்ணியாம்மா?" என்பார். "இன்னும் இல்லப்பா" என்று அத்தை மறுபடி செய்வார். மதியம் சாப்பிட வரும் கொழுந்தனும் அதையே கேட்பார். ஒருவர் செய்ய வைத்தது மற்றவருக்குத் தெரியாது.

தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் அத்தை ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி விரதம். மதியம் நாற்காலியிலிருந்து எழும்போதே சரிந்துவிட்டார். கொழுந்தனும் தூக்கத்திலிருந்து எழுந்துவந்த என் கணவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, நானும் பள்ளியிலிருந்து ஓடினேன். நல்லவேளை, அடி இல்லை. வெறும் வயிறும் அசதியும்தான் காரணம் என்றார்கள். தினம் மூன்று முறை செய்ய வைத்திருக்கிறோம் என்பது அங்கே பேசும்போதுதான் மூவருக்கும் புரிந்தது.

"பண்ணிட்டேன்னு சொல்லக்கூடாதா அத்தை?"

"பண்ணனா இல்லையான்னு எனக்கே தெரியலம்மா. அதச் சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டப்பல்லாம் பண்ணிட்டேன்."

இப்போது மாலை ஜெபம் முடிந்ததும் நானும் அத்தையும் சேர்ந்தே செய்கிறோம். வேறு யாரும் அவரைக் கேட்பதில்லை. அவர்தான் கேட்கிறார், "இன்னிக்கு பண்ணோமா?"

எத்தனை தடவை கேட்டாலும், "பண்ணிட்டோம் அத்தை, எனக்கே கால் வலிக்குது" என்கிறேன்.