கோபுரத்து வரிசைக்கு ஒரு பெஞ்சு

ஏறப் போகிறவர்களை ஏறாதவன் சமாதானப்படுத்துவதுதான் வரிசை காக்கும் தொழில்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லுமுன் எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசைப்படியே சொல்லிவிடுகிறேன். வரிசை கலைந்தால் எனக்குப் பிடிக்காது. முதலாவது, நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆபீஸ் வாசலில் இருந்த ஒரே பெஞ்சில் கணக்கெழுதும் கிராணியின் குடை படுத்திருந்தது, நாங்கள் நின்றோம். இரண்டாவது, அந்தக் குடையைப் பற்றித் துண்டறிக்கை எழுதியதற்காக என்னைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். மூன்றாவது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் நான் வழக்கமாக உட்காரும் மரப்பெட்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இப்போது எந்த நாட்டில் எவன் உட்கார்ந்திருக்கிறானோ. நான்காவது, எந்தச் சங்கத்துக்காகத் தொண்டை வறளக் கத்தினேனோ, அதன் ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை என்று என்னை வாசலில் நின்று வரவேற்கச் சொன்னார்கள். ஐந்தாவது, கோபுரம்.

பினாங்கில் கோபுரம் என்றால் எல்லாருக்கும் தெரியும். கோயில் கோபுரம் அல்ல, வானுயர்ந்த மாடிக் கட்டடம், செருப்போடு ஏறலாம். எண்பதுகளின் கடைசியில், பள்ளி விடுமுறை வந்தால், மேல்மாடியிலிருந்து ஊரைப் பார்க்க நிற்கிற கூட்டம் கீழே கடைவாசல்களை மறைக்கும். லிஃப்டுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து நின்றவன் நான். கால் கடுக்க நின்ற தோழர்களே, உங்களை அந்தக் கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தியவன் நான்தான். உங்களுக்காக ஒரு பெஞ்சு கேட்டவனும் நான்தான். அதில் எனக்கும் ஓர் ஓரம் தேவைப்பட்டது. முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருண்டுவிட்டது, இப்படியே நின்றால் வேலையை விட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மேலாளர் பெர்னார்ட்டிடம் கோரிக்கை வைத்தேன். நம்மவர்தான், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், நல்ல மனிதர், ஆனால் மேலாளர். கோரிக்கையை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெஞ்சு போட்டா வரிசை உக்காந்துரும் லா, சின்னையாண்ணே. உக்காந்த வரிசை நகராது."

வெயிட்

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு குடும்பம் ஃபெர்ரி ஏறி வந்திருந்தது. அம்மா முன்னால், பிள்ளைகள் நடுவில், பலகாரத் தூக்கோடு அப்பா கடைசியில். லிஃப்ட் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அந்த அம்மா ஒரு காலை உள்ளே வைத்ததும் நான் கையை நீட்டி, "அக்கா, கொஞ்சம் வெயிட்!" என்றேன்.

காத்திருங்கள் என்று சொன்னேன், தோழர்களே. வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அதே விநாடியில் லிஃப்டில் பாரம் அதிகம் என்று மணி அலறியது. உள்ளே இருந்த அத்தனை பேரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் காலை எடுக்கவே இல்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்: "என்னைக் குறை சொல்லாதீங்க அண்ணே, உங்க லிஃப்டுக்குத் தெம்பு இல்லன்னு சொல்லுங்க!"

துங்கு

மலாயில் 'துங்கு' என்றால் காத்திரு. என் கூட்டாளி ரசாக்குக்கு அந்த ஒரு சொல்தான் உத்தியோகம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், ஒலிபெருக்கியைப் பிடித்து உள்ளே இருப்பவர்களுக்கு "துங்கு! துங்கு!" என்று தைரியம் சொல்லுவான்.

ஒருநாள் நின்றது. உள்ளே இரண்டு சீன அம்மாமார்களும், தஞ்சாவூரிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்த ஒரு பெரியவரும். ரசாக் வழக்கம்போலத் தைரியம் சொன்னான். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் இறங்கிக் கதவு திறந்தபோது, பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டி, பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்து, சீன அம்மாமார்களும் ஆளுக்கொரு கம்பியில் தொங்கினார்கள். மேல்மூச்சு வாங்க அவர் ரசாக்கிடம் சொன்னார்: "தொங்கு தொங்குன்னியே தவிர, எதுவரைக்கும் தொங்கணும்னு சொல்லலையேப்பா!"

இறங்கியதும் மூவரும் உட்கார இடம் தேடினார்கள். தரை இருந்தது. இதையும் கோரிக்கையோடு சேர்த்து பெர்னார்ட்டிடம் சொன்னேன். கம்பிகள் உறுதியாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார்.

சொந்த வீடு

செல்லத்துரை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா. டத்தோ கிராமாட்டில் இருக்கும் தன் வீட்டை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று கழுத்தில் தொலைநோக்கியோடு வந்தார். நடந்தே போய்ப் பார்த்துவிடக்கூடிய வீடு. வெயில் ஏறும்வரை வரிசையில் நின்றார். பாதியில் கால் மாற்றி நின்றபோது, "இதிலை ஒரு வாங்கு போட்டால் என்ன?" என்று தன் ஊர்ப் பேச்சில் பெஞ்சு கேட்டார். எனக்குக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கயிறு நடுவில் இருந்தது.

மேலே போனவர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கேட் அகலத் திறந்து கிடந்ததாம். வாழைக்கன்றை ஓர் ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்ததாம். ஓடி வரலாம் என்றால் இறங்குவதற்கும் வரிசை. ஆடு தின்பதைத் தொலைநோக்கியில் பார்த்தபடியே நின்றாராம். கீழே வந்து என் தோளைப் பிடித்தார்: "இவ்வளவு நேரம் நிண்டது ஆட்டின்ரை சாப்பாட்டைப் பார்க்கத்தானோ, தம்பி?"

மறியல்

இனிப் பேச்சு வேலைக்கு ஆகாது என்று முடிவு செய்தேன். ஒரு பொது விடுமுறை நாளில், வரிசை உச்சத்தில் இருந்தபோது, குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினேன். "தோழர்களே! நிற்பது நம் தலைவிதி அல்ல! பெஞ்சு வரும்வரை எழாதீர்கள்! உட்காருங்கள்!" என்று முழங்கினேன். மலாயிலும் முழங்கினேன். என்ன ஆச்சரியம், கடைசி ஆள்வரை தரையில் உட்கார்ந்தார்கள். சங்கத்தில்கூட நான் சொல்லி இத்தனை பேர் எதையும் செய்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது லிஃப்ட் வந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டதும் என் புரட்சி எழுந்து ஓடியது. கடைசியாக நுழைந்த தோட்டக்காரர் ஒருவர் மட்டும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மேல போய்ப் பாத்துட்டு வந்து போராடறோம் அண்ணே, எங்க எடத்த மட்டும் புடிச்சு வைங்க."

பெஞ்சு

ஆனாலும் பெர்னார்ட் பயந்துவிட்டார். "பெஞ்சு வருது, உங்க பேரையே தகடுல போட்டுடறேன், அந்தக் குப்பைத்தொட்டிய விட்டுடுங்க" என்றார். வந்தது. அழகான பெஞ்சு, கையால் தடவினால் வழுக்கும். இரண்டு பேர் அதைத் தூக்கி வந்தார்கள், வரிசை கைதட்டியது, நான் கயிற்றை விலக்கினேன். அவர்கள் என்னைத் தாண்டி லிஃப்டுக்குள் போனார்கள். கதவு மூடியது. நின்று களைத்தவர்கள் மேலே போய் உட்காரட்டும் என்பது மேலாளரின் ஏற்பாடாம்.

என் ஓய்வு நாளில், என் சொந்தக் கயிற்றுக்குப் பின்னால் எல்லாரையும் போல நின்று, முதன்முறையாக மேலே போனேன். ரசாக்கையும் சாட்சிக்கு அழைத்துப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். "எல்லாரும் கவனியுங்கள், இந்தப் பெஞ்சுக்காகப் போராடியவரின் பெயர் இப்போது வாசிக்கப்படும்" என்று அறிவித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினேன். ரசாக் குனிந்து, தகட்டிலிருந்த பெயரைச் சத்தமாக வாசித்தான்: "சிக் நாயா."

தகடு செய்பவரிடம் பெர்னார்ட் தொலைபேசியில் 'சின்னையா' என்றிருக்கிறார். மலாயில் 'சிக்' என்றால் செல்வி. பெஞ்சு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்: "யாரு பெத்த பொண்ணோ, அந்த நாயாம்மா நல்லா இருக்கணும்!"

காத்திருந்து ஏறத் தகுந்ததா அந்தக் கோபுரம் என்று கேட்கும் தோழர்களுக்கு என் பதில்: யாராவது எழுவார்களா என்று பெஞ்சையே பார்த்து நின்றதால், ஜன்னல் பக்கம் நான் திரும்பவே இல்லை.