முதலாவதா, ரெண்டாவதா?

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் அவளுக்கு வயது முப்பத்தாறு. நாள் முழுக்க ஒரே கேள்விதான்: "முதலாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா?" வீட்டுக்கு வந்தால் கேள்வி கேட்பது அக்காவின் வேலை.

"கிளம்பும்போது என்ன சொன்னான்?"

கல்யாணத்துக்காக அவள் யாரையாவது சந்தித்துவிட்டு வரும் நாளெல்லாம் இந்த விசாரணை உண்டு. ஒருவன் "நீங்க ரொம்ப நல்லவங்க" என்றான். "அவ்வளவுதான், முழுக்குப் போட்டாச்சு" என்றாள் அக்கா. இன்னொருவன் "இந்த மாசம் வேலை கொஞ்சம் டைட்" என்றான். "அடுத்த மாசமும் டைட்டாத்தான் இருக்கும்." எரிச்சல் என்னவென்றால், அக்கா சொன்னது ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. "போயிட்டு வரேன்" என்று கிளம்பிப் போன தன் புருஷன் விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டிருந்தாள். இந்த வித்தையெல்லாம் அதற்குப் பிறகு கற்றது.

இந்த முறை லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவரை அவளுக்குப் பிடித்துவிட்டது, நன்றாகவே பிடித்துவிட்டது. மூன்றாவது சந்திப்பு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, தன் செருப்பைப் பார்த்தபடி, "எல்லாம் சரியா இருக்கு. ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ரிப்பேர் முடிச்சுட்டுக் கிளம்புறவன் சொல்றதுடி இது. ஆள் அடுத்த லிஃப்டுக்குப் போயாச்சு."

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். எந்த லென்ஸைப் போட்டாலும், "எல்லாம் சரியா இருக்கும்மா" என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். இந்த ரகத்தை அவளுக்குத் தெரியும். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்.

"இது பரீட்சை இல்லைங்க ஐயா. தப்பான பதிலே கிடையாது. மறுபடி பார்க்கலாமா?"

மறுபடி மாட்டினாள்.

"முதல்ல போட்டதும்மா" என்றார் பெரியவர். யோசிக்கவே இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் கடைக்குப் பின்னால் நின்று மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

"நேத்து எல்லாம் சரியா இருக்குன்னீங்க. எனக்குப் புரியல, அதான் மறுபடி கேக்கறேன். முதலாவது, இதோட நிறுத்திக்கலாம். ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை பார்க்கலாம். தப்பான பதிலே கிடையாது."

அந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

"ரெண்டாவது" என்றார்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா விஷயத்தை வாங்கிவிட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"வெறுமனே ரெண்டாவதுன்னா சொன்னான்? அதுக்கு என்னடி அர்த்தம்?"

"ரெண்டாவதுன்னு அர்த்தம், அக்கா."