மச்சானின் வலது கண்

ஒரு சனிக்கிழமை காலை நான் இருக்கும் கூலாய் ஊர்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, என் அக்காவின் தக்காளிக் கூடைகள் அக்கா இல்லாமல் வந்து இறங்கின. கூடைகளின் பக்கவாட்டில் 'புஷ்பவள்ளி' என்று சாயத்தில் எழுதியவன் நான்தான். என் கோணல் எழுத்தை நானே எப்படி மறுக்க முடியும்? அக்கா காய்கறி விற்பது குளுவாங் சந்தையில். லாரிக்காரரைக் கேட்டேன். குளுவாங் மொத்தக் கடையில் ஒரு தமிழ் அங்கிள் தானாகவே தூக்கி வைத்ததாகவும், வைத்துவிட்டு லாரியின் முதுகில் தட்டி வழியனுப்பி வைத்ததாகவும் அவர் சொன்னார்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உன் மச்சான்தான். நம்ம லாரி நீலம்டா, அது பச்சை. ரெண்டும் அவருக்கு ஒரே கலராத் தெரியுதாம். இன்னிக்கு தக்காளி போச்சு, நாளைக்கு அவரே போயிடுவாரு லா. நீ வந்து பேசு."

என் மச்சான் காளியப்பன் வேலைக் காலம் முழுவதும் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகாமல் தண்டவாளத்துக்குப் போனவர். வருடா வருடம் கண் பரிசோதனையில் நிறம் பார்க்கச் சொல்வார்கள். மற்றவர்கள் பயந்துகொண்டு போவார்கள், மச்சான் மாப்பிள்ளை மாதிரி போவார். "சிவப்பைப் பத்தி எனக்கு எவனும் சொல்லித் தர வேண்டாம்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வசனம். கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கப் போன இடத்திலும் இதைச் சொல்லி, எங்கள் அம்மாவின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் மோசம், இடது கொஞ்சம் பரவாயில்லை. அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கு நாள் கொடுத்தார்கள். அவர் அதைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தார். இரண்டாவதாகக் கொடுத்த நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதையும் விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. காரணம் கேட்டால் வானத்தைக் காட்டினார்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு ஸ்டேஷனில் மின்சாரம் போயிருக்கிறது. சும்மா இருக்க முடியாத மச்சான், தண்டவாளம் பார்க்கும் பைனாகுலரை வானத்துப் பக்கம் திருப்பியிருக்கிறார். ஓரியன் வேடனின் காலடியில் முயல் என்று ஒரு நட்சத்திரக் கூட்டம் உண்டு. அங்கே செக்கச் செவேலென்று ஒரு புள்ளி. யாரோ சிக்னலைச் சிவப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியதாம். சில மாதம் கழித்துத் தேடினால் அந்தப் புள்ளி இல்லை. சிக்னல்காரருக்கு அது பொறுக்கவில்லை. சிவப்பு விளக்கு தன்னிஷ்டத்துக்கு அணைவதாவது!

விசாரித்ததில் அது வயதான நட்சத்திரம் என்று தெரிந்தது. உடம்பு உப்பிப் பெருத்து, மூச்சு வாங்குவது போல விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். வயிற்றுக்குள் விளைந்த கரியைக் கரும்புகையாகத் தன்னைச் சுற்றியே ஊதிவிடும். அதனால்தான் அந்தச் சிவப்பு. ஒருமுறை ஒளி ஏறி இறங்கி மறுபடி ஏற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம் என்று கணித்து எண் போட வேண்டும். உலகத்தில் பல ஊர்களில் இதையே வேலையாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அறிந்ததும், மச்சான் அவர்களுடைய சங்கத்தில் சேர்ந்து எண் அனுப்ப ஆரம்பித்தார். மங்கினால் எண் கூடும், பிரகாசித்தால் குறையும். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, இப்படி வியாபாரம் பண்ணினால் கடையை மூட வேண்டியதுதான் என்றாள் அக்கா.

அவளும் பார்ப்பாள். வீட்டுக்குப் பின் சந்தில் துணி எடுக்க வரும்போது, மச்சான் அங்கே நிறுத்தி வைத்திருக்கும் தொலைநோக்கியில் ஒரு நொடி கண்ணை வைத்து, "மங்கலாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வாளியோடு போய்விடுவாள். மச்சான் போட்ட எண்ணைவிட எப்போதும் அவள் சொல்வது மங்கலாகவே இருக்கும். உனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பார் அவர். சமீப வருடங்களில் இந்தச் சண்டை முற்றிப்போயிருந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் ஜாஹிதா வந்தாள். சிகாமட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள், கோலாலம்பூரில் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிறாள். குளுவாங் நூலகத்தில் அவள் பேசியபோது மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நட்சத்திரத்தின் மேற்பரப்பு நம் பக்கம் வருகிறதா, நம்மை விட்டு விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதை அதன் ஒளியைப் பிரித்துக் கண்டுபிடிக்கிறாளாம். ரயில் வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் சத்தம் கனத்துவிடும், அதே மாதிரிதான் ஒளியும் என்று அவள் சொன்னாள். மச்சான் அங்கேயே அவளுக்குத் தத்துப் போய்விட்டார். உங்கள் சிவப்பு நட்சத்திரத்தின் வேகத்தை நான் அளக்கிறேன், ஒளி ஏறி இறங்குவதை நீங்கள் ஒரு முழுச் சுற்று விடாமல், ஒரே கண்ணால் பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் கிழட்டு நட்சத்திரம் மூச்சை எப்போது இழுக்கிறது, எப்போது விடுகிறது என்பது புரியுமாம்.

மச்சான் வீட்டுக்கு வந்து மஞ்சள் கிழங்குத் துண்டை நூலில் கட்டி, தொலைநோக்கியின் கழுத்தில் காப்பாகக் கட்டிவிட்டார்.

நான் போய் உட்கார்ந்து, வாய் வலிக்கப் பேசினேன். தக்காளியைச் சொன்னேன், சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களைச் சொன்னேன். புரைக் கண்ணைக் கண்ணாடி வில்லை வைத்து மாற்றினால் பார்வை மாறும், பார்வை மாறினால் எண் மாறும், சுற்றுக்கு நடுவில் ஆளே மாறின மாதிரி ஆகிவிடும் என்றார் அவர். ரயில்வேக்காரர் மூளை, அதில் தப்புச் சொல்ல முடியவில்லை.

"காப்புக் கட்டியாச்சு செல்வா. திருவிழா முடியாம எவனாவது ஊரை விட்டுப் போவானா? இதுவும் அப்படித்தான். கண்ணு அது வரைக்கும் தாங்கும்."

தாங்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் தொலைநோக்கியில் கட்டியிருந்த காப்பின் முடிச்சை இறுக்கினார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. எங்கோ கிடக்கிற நட்சத்திரத்துக்குக் கொடுக்கிற வாக்குப் பெரிதாகவும், பக்கத்தில் இருக்கிறவள் படும் பயம் சின்னதாகவும் இருக்கிற மனிதரிடம் பேசி என்ன பயன்? எழுந்து அக்காவின் கடைக்கே போய்விட்டேன். தோல்வியை அவளிடம் சொன்னபோது அவள் பயற்றங்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. மின் தராசையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடையை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு நானும் ஓடினேன்.

"ஏங்க, தொங்கு தராசை மாத்தி இந்த மின் தராசு வாங்கினப்ப நான் என்ன செஞ்சேன்?"

மச்சான் திருதிருவென்று விழித்தார்.

"பழசைத் தூக்கி எறிஞ்சிட்டா புதுசு வாங்கினேன்? ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒரே காயை ரெண்டுலயும் நிறுத்துப் பாத்தேன். எது எவ்வளவு தள்ளிக் காட்டுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் பழசைக் கழட்டினேன். உங்களுக்கு ஆண்டவன் ரெண்டு கண்ணு குடுத்திருக்கான். நட்சத்திரம் பாக்கிறது வலது கண்ணுதானே? அதை இப்ப தொடாதீங்க. இடதை மட்டும் முதல்ல மாத்துங்க. கொஞ்ச நாளைக்கு ரெண்டாலயும் நிறுத்துப் பாருங்க. வித்தியாசம் தெரிஞ்சதும் வலதையும் மாத்திக்கலாம்."

 டாக்டர் மோசமான கண்ணைத்தான் முதலில் செய்வார் என்றார் மச்சான். கேட்டீர்களா என்றாள் அக்கா. கேட்கவில்லை. ஜாஹிதாவிடமாவது கேட்டீர்களா என்றாள். அதுவும் இல்லை. நான் உடனே ஜாஹிதாவுக்குப் போன் போட்டு மச்சானின் கையில் கொடுத்தேன். அக்காவின் யோசனையை அவர் சொல்லச் சொல்ல அவள் ஸ்பீக்கரில் குறுக்கிட்டாள்.

"அங்கிள், நான் கணக்குத்தானே கேட்டேன், உங்க கண்ணைக் கேட்கலையே. நாளைக்கே போங்க. ஆன்ட்டி சொன்ன மாதிரி செஞ்சீங்கன்னா எனக்கு ஒண்ணுமே குறையாது."

டாக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இடது கண் முதலில்.

கட்டுப் பிரித்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் இருந்தேன். மச்சான் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். சுவர் வெள்ளையாக இருந்ததற்கே அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இந்தச் சேலை ஊதாவா? மண் கலர்னு நினைச்சேன். உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?"

"நீங்க நட்சத்திரம் பாத்துக்கிட்டு இருந்தப்ப" என்றாள் அக்கா.

கண் ஆறி, மழையும் விட்ட ஒரு முன்னிரவில் பின் சந்தில் தொலைநோக்கியை வைத்தோம். முயல் நன்றாக ஏறியிருந்தது. மச்சான் வலது கண்ணால் பார்த்து எண் சொன்னார். பிறகு இடது கண்ணை வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டு, மறுபடி வலது கண்ணை வைத்துச் சரிபார்த்தார். புதுக் கண்ணில், அண்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் அது மங்கியிருந்தது, அதுவும் நன்றாகவே. புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி மாதிரி அண்டை நட்சத்திரங்களின் வெள்ளை ஒளியைத் தின்றுவிட்டு, சிவப்பை மட்டும் தாராளமாக உள்ளே விட்டிருக்கிறது. அதனால் வருடக்கணக்கில் மச்சான் சிவப்புக்கு இல்லாத வெளிச்சத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறார். சிவப்பைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாதவர்!

"இத்தனை வருஷமா நான் ஊருக்கெல்லாம் பொய் சொல்லியிருக்கேன்" என்றார்.  எனக்கும் பாவமாக இருந்தது.

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "பொய் என்ன பொய். பழைய தராசு, அவ்வளவுதான். எவ்வளவு தள்ளிச்சுன்னு இப்ப தெரிஞ்சு போச்சு இல்ல? இன்னொரு தரம் பாருங்க."

பார்த்தார். இந்தத் தடவை மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. சுற்றியிருந்தவை பளிச்சென்று நீலம் கலந்த வெள்ளையாக இருக்க, நடுவில் அது மட்டும் முன்னெப்போதும் பார்க்காத சிவப்பில் இருக்கிறதாம். வெளிச்சத்தில் இறங்கி நிறத்தில் ஏறிவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு சொட்டு ரத்தம் போல இருந்தது. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

வானம் விட்டுக்கொடுத்த இரவுகளிலெல்லாம் இரண்டு கண்ணாலும் நிறுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இவ்வளவு என்று உறுதியான பிறகு வலது கண்ணும் மாறியது. அடுத்த வருடத்து நோன்புப் பெருநாள் முடிந்து ஜாஹிதா ஒரு டப்பா பலகாரத்தோடும் மடிக்கணினியோடும் வீட்டுக்கு வந்தாள். மேலே ஒளியின் வளைகோடு, கீழே வேகத்தின் வளைகோடு. பழைய கண்ணின் புள்ளிகளைத் திருத்திப் போட்டதும், புதுக் கண்ணின் புள்ளிகள் ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் வந்து ஒட்டிக்கொண்டன. ஒளி உச்சிக்கு வரும் நாட்களை ஒட்டி மேற்பரப்பு நம் பக்கம் பாய்ந்து வருவதையும், பிறகு வேகம் தளர்ந்து திரும்ப உள்ளே விழுவதையும் அவள் விரலால் காட்டினாள். மச்சான் வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டினார். சுற்று முடிந்துவிட்டது என்றாள் ஜாஹிதா. மச்சான் எழுந்து போய், சாயம் போன காப்பை அவிழ்த்தார்.

அன்று இருட்டியதும் நட்சத்திரம் மேற்கே சாய்வதற்குள் எல்லோரும் பின் சந்துக்குப் போனோம். விருந்தாளி வருகிறாள் என்று அக்கா சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். வழக்கமாக முதலில் பார்க்கிறவர் மச்சான்தான். அன்றைக்கு ஒதுங்கி நின்று, நீ பார் என்றார். அக்கா ஒரு நொடி கண்ணை வைத்து எடுத்துவிட்டு, எந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில், எதற்குக் கிட்டத்தில் என்று சொன்னாள். அடுத்து மச்சான் பார்த்தார். அவருக்கும் அதே எண் வந்தது.

"நீ அப்பவே சரியாத்தான் சொல்லியிருக்க புஷ்பா. நான்தான் கேட்கல."

அடுத்த சுற்றுக்கு ஆன்ட்டியும் தன் பேரில் எண் அனுப்ப வேண்டும் என்றாள் ஜாஹிதா. அக்காவுக்கு வெட்கம். இன்னும் கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்துப் பழகு என்றார் மச்சான். சிவப்பை உற்றுப் பார்த்தால் கண்ணில் வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும், ஓரப் பார்வை போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அக்கா திருப்பிக் கேட்டாள். அது உண்மைதான், அவர்கள் சங்கத்தில் அது முதல் பாடம்.

 மச்சான் தொலைநோக்கியை விட்டுத் திரும்பி, சிவப்புச் சேலையில் வாளியோடு நின்ற அக்காவையே புது இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க அப்படிப் பாக்கிறீங்க?"

"வெளிச்சம் ஏறுதான்னு பாக்கிறேன்" என்றார் மச்சான்.