ஆட்சேபனை சொல்ல வந்தவர்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. எந்தெந்த நஞ்சை வீட்டுமனை ஆகப்போகிறது என்று வருஷா வருஷம் அறிவிப்பு ஒட்டுவோம். ஆட்சேபனை சொல்ல ஒரே ஒருத்தர்தான் வருவார், திருக்காட்டுப்பள்ளி விவசாயி அருளப்பன்.

"கோடையில வந்து பாத்துட்டு, காஞ்சு கிடக்குற வாய்க்காலைப் பாதைன்னு போட்டுடுறீங்களேம்மா! ஆத்துல தண்ணி விட்டப்புறம் வந்து பாருங்க" என்று சத்தம் போடுவார். நியாயம்தான். ஆனால் கோடையில் போனால்தான் எங்கள் ஆட்களுக்குச் செருப்பு நனையாது.

அந்த வருஷமும் வந்தார். "ஆட்சேபனைதானே, குடுங்கய்யா" என்று சலிப்போடு கை நீட்டினேன். அவர் கொடுத்தது அவருடைய சொந்த வயலுக்கான மனைப்பிரிவு வரைபடம்.

"என்னங்கய்யா இது?"

"வாய்க்காலுக்கு மேல்பக்கம் எல்லாரும் மனை போட்டுட்டாங்க. தண்ணி எங்கம்மா வருது? பையனும் சிங்கப்பூர்லயே தங்கிட்டான்."

வயலோரம் வாய்க்கால் ஓடும் இடத்தைத் தொட்டுக் காட்டி, இதை என்னவென்று போடுவது என்று கேட்டேன். அவர் குரல் உயரவே இல்லை.

"பாதைன்னே போட்டுக்குங்கம்மா."

போட்டேன்.

இப்போதும் வருஷா வருஷம் அறிவிப்பு ஒட்டுகிறோம். ஆட்சேபனைக்கான கடைசி நாளன்று, யாராவது வந்து சத்தம் போட மாட்டார்களா என்று சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.