கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் ரைட்டர்

ஏற்காடு மலையில் வாழவந்திக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் ஜீவானந்தம் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை. ஆட்களுக்குப் பெயர் போடுவது, களத்தில் காப்பிக்கொட்டை காயும்போது மூடுபனி இறங்கினால் தார்ப்பாயை இழுத்து மூடச் சொல்லிக் கத்துவது அவர் வேலை. வேலை முடிந்தால் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்களுக்குப் பெயின்ட் அடிப்பார். மேசையில் பரப்பிப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கான பொம்மைகள் அவை. அடித்து முடித்ததை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பார். அவரைத் தாராள மனசுக்காரர் என்று சொல்பவர்கள் ஏற்காட்டில் உண்டு. அவர்கள் எல்லாம் இன்னும் பரிசு வாங்காதவர்கள்.

வாங்கியவர்களுக்குத் தெரியும், அவர் எதையும் கொடுப்பதே இல்லை என்று. கொடுத்த மறுவாரமே வீட்டுக்கு வருவார். காப்பி கையில் இருக்கும், கண் அலமாரியில் இருக்கும். பொம்மையை இடுப்பைப் பிடித்துத் தூக்கினால் முகம் சுளிப்பார். காலடியில் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையைத்தான் பிடிக்க வேண்டுமாம். பேச்சுவாக்கில் அதை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, மூக்கு சரியில்லை, திருத்திக் கொண்டுவருகிறேன் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். ரிசார்ட் வரவேற்பறையில் வேலை பார்க்கும் பிரவீனின் குதிரைவீரன் அவன் வீட்டில் இருந்ததைவிட ரைட்டர் பையில் இருந்ததுதான் அதிகம். பிரவீனின் மகள் அதை வாளித் தண்ணீரில் நீந்தவிட்டாள் என்று தெரிந்ததும் ஒரு மழைக்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை.

ஞாயிறு மதியம் யுவராஜின் பேக்கரி மாடியில் ஆட்டம். ரைட்டர் ஆட்டத்தில் மோசம். தன் வீரர்கள் அடிபட்டு மேசையிலிருந்து போவதைப் பொறுக்காமல் பின்வரிசையிலேயே நிறுத்திவைத்துத் தோற்பார். ஆனாலும் அந்த மாடியில் தனக்கென்று இருந்த நாற்காலியை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. எஸ்டேட்டில் இருப்பவர்களையெல்லாம் கத்தியே விரட்டியாயிற்று. அதனால் யுவராஜ் எல்லார் முன்னாலும் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஏனுங்க ரைட்டரே, இன்னொருக்கா குடுத்த பொம்மையத் திரும்பக் கேட்டீங்கன்னா இந்தப் படி ஏறாதீங்க."

கொஞ்ச நாளில், கூட ஆடும் காயத்ரிக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. பரிசு தருவேன் என்றார் ரைட்டர். தானே அடித்துப் பழக வேண்டும், பெயின்ட் இல்லாமல் வெறும் பொம்மையாகக் கொடுத்தால் போதும் என்று அவள் கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று இவர் சிரித்தார். ஒரு வில்லாளியை எடுத்து, கண்ணுக்குக் கருமணி, அம்புக்கு இறகு என்று வாரக்கணக்கில் வரைந்தார். நன்றாகத்தான் வந்தது, அதை மறுக்க முடியாது.

கடைசியில் பெயின்ட் உதிராமல் இருக்க வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் பால்போல வெளுத்துவிடும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஞாயிறு காலை பனி இறங்கியது. கொட்டை நனைகிறது, கண் தெரியவில்லையா என்று களத்தில் வேலை பார்க்கும் பாப்பாத்தியைத் திட்டித் தார்ப்பாயை இழுக்க வைத்தார். திட்டிய கையோடு, அதே களத்தின் ஓரத்தில், அதே பனியில் வில்லாளியை நிறுத்தி ஸ்ப்ரே அடித்தார். காயும்வரை பார்க்காமல் சட்டென்று ஒரு சின்னப் பெட்டியில் வைத்து மூடி பஸ் ஏறினார்.

பேக்கரி மாடியில் காயத்ரி திறந்து பார்த்தபோது வில்லாளிக்குக் கண்ணும் இல்லை, இறகும் இல்லை. ஒரே வெள்ளை.

"மலைப்பனிங்க," என்றார் ரைட்டர். "அப்புடித் தெரியோணும்னுதான் அடிச்சது."

"யுவராஜ் கடை மைதாவாட்ட இருக்குதுங்க," என்றான் பிரவீன்.

காயத்ரி மட்டும் சிரிக்கவில்லை. நன்றி சொல்லிப் பைக்குள் வைத்தாள். அத்தோடு விட்டிருந்தால் நாற்காலி பிழைத்திருக்கும். ஆனால் ஓசூரில் யாராவது பார்த்து, இதை அடித்தது யார் என்று கேட்பார்கள், இவள் ஜீவானந்தம் என்று சொல்லிவிடுவாள் என்ற நினைப்பு அவரை உட்காரவிடவில்லை. பாதி ஆட்டத்தில் எழுந்தார்.

"அதக் குடு கண்ணு. சரி பண்ணி அனுப்பறேன்."

"எனக்குக் குடுத்ததுதானுங்களே அது?"

"குடுத்ததுதான். ஆனா எம்பேரு கெடுதுல்ல?"

காயத்ரி பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். யுவராஜ் ரைட்டரின் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பொம்மையும் கிடைக்கவில்லை, இடமும் போயிற்று.

ஓசூரில் அவள் அந்தப் பூச்சு முழுவதையும் கழுவி எடுத்துவிட்டுத் தானே பச்சை அடித்தாள். அவள் போனில் அனுப்பிய படத்தைப் பிரவீன் பஸ் ஸ்டாண்டில் ரைட்டருக்குக் காட்டினான். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பிரஷ் தடம் தெரிகிறது என்றார். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

இப்போது அவருடைய பரிசுகள் எஸ்டேட் முக்கில் டீக்கடை நடத்தும் பூவாயிக்குப் போகின்றன. ஒரு வாள்வீரனைக் கொடுத்தார். அவள் பாய்லர் பக்கத்தில் வைத்தாள். தினமும் காலையில் வந்து, ஆவி படாமல் அதைத் தள்ளித் தள்ளி வைக்கிறார். சர்க்கரை டப்பாவைக்கூட இடம் மாற்றச் சொன்னார்.

"பொம்மையக் குடுத்தீங்களா, கடைய எழுதி வாங்குனீங்களா?" என்று பூவாயி கேட்டாள். பிறகு, நீங்களே கொண்டுபோங்க என்று அதை எடுத்து அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். இடுப்பைப் பிடித்துத்தான் எடுத்தாள்.